நட்டை நாமே முடுக்கினால் உத்தரவாதம் போய்விடுமா?

கேள்வி: காரின் ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை ஏற்றும் கருவி) நானே வீட்டில் மாற்றினேன். பேட்டரி முனைகளை டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் கருவி) வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன். ஆல்டர்னேட்டரின் பின்புற நட்டுக்கு அது எட்டாததால் சாதாரண ஸ்பேனரால் முடுக்கினேன். சில வாரங்களில் அந்த நட்டு இருந்த முனையும் வயரிங்கும் கருகிவிட்டன. வீட்டில் மாட்டியதற்கு உத்தரவாதம் இல்லை என்கிறார் விற்றவர். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். அதற்கு முன், தயவுசெய்து அந்த நட்டைத் தொடாதீர்கள். உங்கள் வழக்குக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கழற்றிவிட்டால், அது எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. பேட்டரியின் எதிர்மின் (−) முனையை மட்டும் கழற்றி வையுங்கள். இல்லையென்றால், எஞ்சின் ஓடாதபோதும் ஆல்டர்னேட்டர் முனையில் மின்சாரம் இருக்கும். பிறகு பல கோணங்களில் படமெடுத்து, தகுதியுள்ள ஒருவரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? நட்டு தளர்ந்திருந்தால் இணைப்பில் மின்தடை கூடி, சூடேறிக் கருகும். அளவுக்கு மீறி முடுக்கினால் மரை (திருகு வரிகள்) தேயும், அல்லது திருகுத்தண்டே சுழன்று உள்ளிருக்கும் காப்பு உடையும். இவை இரண்டும் மாட்டியவர் தலையில் விழும். உள்ளிருக்கும் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) தானாகவே பழுதாகியிருந்தால் அது பொருளின் குறை. கருகிய பிறகு மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

ஆகவே, யார் மாட்டினார் என்பதைவிட எதனால் கருகியது என்பதே முக்கியம். உத்தரவாத அட்டையை வரிவரியாகப் படியுங்கள். தகுதிபெற்ற மெக்கானிக்தான் மாட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், அது உங்களுக்குப் பெரிய தடை. இல்லையென்றால், விற்ற பிறகு புதிதாகச் சேர்க்க அவருக்கு உரிமை இல்லை. குறையைச் சோதனை இல்லாமல் கண்டறிய முடியாதபோது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லவும் கூடும்.

வயரிங் கருகியது தனி இழப்பு. ஆல்டர்னேட்டரோடு வந்த தாளில் நட்டை இறுக்க வேண்டிய அளவோ எச்சரிக்கையோ இருந்ததா என்று பாருங்கள். போதிய வழிகாட்டுதல் தராத உற்பத்தியாளர் அதே சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி பொறுப்பாவார். ஆனால் காரின் கையேட்டில் அளவு இருந்ததை நீங்களே அறிந்திருந்தீர்கள். எதிர்த்தரப்பு அதை நிச்சயம் எடுத்துக்காட்டும்.

ஸ்பேனரால் முடுக்கியதை மறைக்காதீர்கள். மறைத்து, பிறகு ஆய்வறிக்கையில் அது வெளிவந்தால், பேட்டரி முனைகளைச் சரியாக இறுக்கியதாக நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். நட்டு தளர்ந்திருந்ததாகவே அறிக்கை சொன்னால், வழக்கில் பணத்தை இழக்காதீர்கள் என்பதே என் கருத்து. உள்பழுது என்று வந்தால், அறிக்கையின் நகலோடு விற்றவருக்கும் உற்பத்தியாளருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். காலக்கெடு 2 ஆண்டுகள்.