வெர்னன் கேஸிலின் பிறப்புப் பதிவைத் தேடுபவருக்கு

வணக்கம். இங்கிலாந்தின் நார்விச் நகரப் பிறப்புப் பதிவுகளில் ‘கேஸில்’ என்ற பெயரே இல்லை, முதல் உலகப் போரில் பிரான்ஸில் இறந்தவர்கள் பட்டியலிலும் ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்காது. கேஸில் என்பது அந்த நடனக் கலைஞர் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். அவர் பிறந்தது வில்லியம் வெர்னன் பிளைத் என்ற பெயரில், 1887 மே 2 அன்று. அந்த ஆண்டின் இரண்டாம், மூன்றாம் காலாண்டுப் பதிவுகளில் ‘பிளைத்’ என்று தேடுங்கள். அவர் மேடையேறும்போதே அக்காள் கோரலி பிளைத் பெயர்பெற்ற நடிகை. தம்பி வேறு பெயரைத் தேடிக்கொண்டதற்கு அதுவே காரணம் என்பார்கள். இத்தனைக்கும் பர்மிங்காமில் பொறியியல் படித்தவர்!

மனைவி ஐரீன் ஃபூட் நியூ ராஷெல் நகரத்து மருத்துவரின் மகள். திருமணம் 1911இல், அதை நியூயார்க் மாநிலப் பதிவுகளில் தேட வேண்டும். அடுத்த ஆண்டே பாரிஸின் கபே டி பாரி உணவகத்தில் இருவரும் ஆடிப் புகழ்பெற்றார்கள். ஜாஸ் காலத்து பால்ரூம்களை ஆண்ட ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனத்தைப் பரப்பியதில் இவர்களுக்கும், இவர்களுக்கு வாசித்த கறுப்பின இசைக்குழுத் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப்புக்கும் பெரும் பங்குண்டு. யூரோப்பை விட்டுவிட்டு இவர்கள் கதையை எழுதிவிடாதீர்கள்.

இறப்புப் பதிவுக்கு டெக்சாஸைப் பாருங்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் பிரான்ஸில் பறந்து உயிரோடு திரும்பியவர், 1918 பிப்ரவரி 15 அன்று ஃபோர்ட் வொர்த் அருகே பயிற்சி விமானம் விழுந்து இறந்தார். கல்லறை நியூயார்க்கின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

ஐரீன் அதன்பின் மூன்று முறை மணந்தார். எனவே 1918க்குப் பிந்தைய ஆவணங்களில் அவருடைய குடும்பப் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும்.