காது குத்துவது போலத்தானே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 27 வயது, ஐடி வேலை. ஆணுறுப்பில் பியர்சிங் செய்துகொள்ள இரண்டு வருடமாக ஆசை. “காது குத்துற மாதிரிதான், அஞ்சு நிமிஷம்” என்கிறார் டாட்டூ கடைக்காரர். எந்த வகை நல்லது? வீட்டில் பெண் பார்க்கிறார்கள். முன்கூட்டி என்ன யோசிக்க வேண்டும்?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: குத்துவதற்கு முன்பே கேட்டீர்களே தம்பி, அதற்கே நன்றி. பத்து நாள் கழித்து வீக்கத்தோடு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கடைக்காரரின் பேச்சு ரொம்பப் பழையது. தென்னாட்டார் குழந்தைக்குக் காது குத்துவது போல ஆணுறுப்பில் துளையிடுவார்கள் என்று காமசூத்திரமே சொல்கிறது. ஆனால் காதின் கீழ்மடலில் இருப்பது தோலும் கொஞ்சம் கொழுப்பும். ஆணுறுப்பின் மொட்டு ரத்தம் ஊறும் பஞ்சு. அதன் நடுவே சிறுநீர்க்குழாய் ஓடுகிறது. ஊசி எதற்குள் போகிறது என்பதை வைத்துத்தான் வகையை முடிவு செய்ய வேண்டும்.

தண்டின் அடிப்பக்கத் தோலில் போடும் ஃப்ரீனம், விதைப்பைத் தோலில் போடும் ஹஃபாடா, இரண்டும் தோலோடு நின்றுவிடும். ஆற இரண்டு மூன்று மாதமாவது ஆகும். ஒத்துவராவிட்டால் கழற்றிவிடலாம், ஒரு தழும்போடு போய்விடும்.

பிரின்ஸ் ஆல்பர்ட் என்பது சிறுநீர் வாய்க்குள் நுழைந்து மொட்டின் அடியில் வெளிவரும் வளையம். விக்டோரியா மகாராணியின் கணவர் போட்டிருந்தார் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. 1970களில் அமெரிக்க பியர்சிங் வட்டாரத்திலிருந்து பரவியது அது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் ஆறிவிடும். முதல் சில நாள் ரத்தம் கசியும், சிறுநீர் எரியும். அதெல்லாம் போய்விடும். போகாதது ஒன்று உண்டு. ஓட்டை விழுந்த தோட்டத்து ஹோஸ் போல, சிறுநீர் அடியிலும் தெறிக்கும். பலர் உட்கார்ந்துதான் போகிறார்கள். வளையத்தைக் கழற்றினாலும் துளை முழுக்க மூடாமல் போகலாம். ஆபீஸ் கழிப்பறையையும் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மொட்டையே குறுக்காகத் துளைப்பது ஆம்பலாங். போர்னியோ தீவுப் பழங்குடிகளிடம் பலாங் என்று நெடுநாளாக இருக்கிறது. மேலிருந்து கீழாகத் துளைத்தால் அபத்ராவியா. ஆற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். முதல் பியர்சிங்காக இவை இரண்டும் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது உலோகம். ஓர் இளைஞர் ஆன்லைனில் வாங்கிய மலிவான ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ வளையத்தோடு வந்தார். சுற்றிலும் தோல் சிவந்து, பொடிக் கொப்புளங்களில் நீர் வடிந்தது. சட்டையைத் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்குக் கீழே, ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில், காசு அளவுக்குக் கறுத்துச் சொரசொரப்பாக ஒரு வட்டம். நிக்கல் அலர்ஜி. பட்டன் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை. உங்கள் வயிற்றையும் பாருங்கள். எப்படியானாலும் இம்பிளான்ட் தர, அதாவது உடலுக்குள் பொருத்தும் தரத்து, டைட்டானியம் கேளுங்கள்.

சர்க்கரை பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் இதய வால்வு கோளாறு உள்ளவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. காது குத்திய இடத்தில் கட்டி போலத் தழும்பு வளர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இரண்டும் முடிந்திருக்க வேண்டும். பின்னது வழக்கமாக மூன்று தவணை, ஆறு மாதம். கடையில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இருக்கிறதா, ஊசியை உங்கள் கண் முன்னால் புது உறையிலிருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். காது குத்தும் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

புண்ணைச் சலைன் நீரால் கழுவினால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். ரத்தம் நிற்கும்வரை தண்ணீரில் நிற்கச் சொல்கிறது அந்தக் காமசூத்திரம். நீங்கள் ஆறு, கடல், நீச்சல்குளம் பக்கமே போகாதீர்கள். காய்ச்சல், சீழ், சிறுநீர் அடைப்பு, பின்னே இழுத்த முன்தோல் திரும்ப வராதது - இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

அப்புறம் கல்யாணம். ஆறும்வரை உறவு கூடாது. ஆறாத புண் வழியாக எச்ஐவி உள்ளிட்ட தொற்று எளிதில் ஏறும். ஆறிய பிறகும் ஆணுறை கிழிய வாய்ப்பு உண்டு. முகூர்த்தம் குறித்த பிறகு குத்திக்கொள்ளாதீர்கள். முன்பே குத்தியிருந்தால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். முதலிரவில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

கேள்வி: பிரின்ஸ் ஆல்பர்ட் போட்டு நாலு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் ஹெர்னியா ஆபரேஷன். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
- 34 வயது வாசகர், திருப்பூர்

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷனில் மின்சாரக் கருவியால் ரத்தத்தை நிறுத்தும்போது உலோகம் இருக்கும் இடத்தில் தோல் சுட்டுவிடலாம். சிறுநீர் டியூப் போட வேண்டி வந்தால் வளையம் குறுக்கே நிற்கும். துளை மூடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், நாலு வருடத் துளை ஒரு நாளில் மூடாது. குண்டு வைத்த வளையத்தைக் கையால் திறப்பது கஷ்டம்; குத்தியவரிடமே போய் முந்தின நாள் கழற்றிக்கொள்ளுங்கள்.