பழகிய கிறிஸ்துமஸ் பாடலை ஒரு பாடகர் எவ்வாறு புதிதாக்குகிறார்?

மெட்டையே மாற்றினால்தான் பாடல் புதிதாகுமா என்பது கேள்வி. அது தேவையில்லை என்பதற்கு அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960இல் வெர்வ் நிறுவனத்துக்காக, ஃபிராங்க் டெவோலின் இசைக்கோர்ப்பில் பாடிய கிறிஸ்துமஸ் இசைத்தட்டே போதிய சான்று.

அதிலுள்ள ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857இல் வெளிவந்த பழைய பாடல். அதன் பல்லவி நம் ஸ்வரங்களில் சொன்னால் ‘க க க, க க க, க ப ஸ ரி க’ என்று, ஒரே ஸ்வரத்தைச் சம இடைவெளியில் தட்டித் தட்டிச் செல்வது; குழந்தைகளுக்கு எளிது, தேர்ந்த பாடகருக்கோ அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை எனத் தோன்றும். ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்தச் சம இடைவெளியைத்தான் கலைக்கிறார். ஸ்விங் எனும் ஜாஸ் நடையில் ஒவ்வொரு தாள அடியின் முற்பாதி நீண்டு பிற்பாதி குறுகுவதால், சொற்கள் தாளத்தின் மேல் அப்படியே விழாமல் சற்று முந்தியும் பிந்தியும் வந்து அமர்கின்றன. மெட்டை நாம் உடனே அடையாளம் காண்கிறோம், ஆனால் அடுத்த சொல் எங்கே விழும் என்று காத்திருக்கத் தொடங்குகிறோம். அந்தக் காத்திருப்பே புதுமை என்று நான் கருதுகிறேன்.

1967இல் கேப்பிட்டல் நிறுவனத்துக்காகப் பக்திப் பாடல்களைப் பாடியபோது அவர் இந்த உத்திகளை ஒதுக்கிவிட்டு, ‘சைலன்ட் நைட்’ போன்றவற்றைப் பாடகர் குழுவுடன் நேராக, அமைதியாகப் பாடினார். எதைத் தொடக்கூடாது என்று அறிந்திருந்த அந்த நிதானத்தை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.