முகம் பழகாத பார்ட்னர்: உங்க கேள்விகள்

கே: டெவலப்பர் ஒருத்தர், ரெண்டு வீடியோ கால் பேசினோம், நல்லா செட் ஆகுது. கோ-ஃபவுண்டரா, அதாவது கம்பெனிய சேந்து தொடங்குற பார்ட்னரா, சேத்துக்கலாமா?

ப: ரெண்டு கால்ல எல்லாரும் நல்லவங்கதான். சின்ன வேலை ஒண்ண எடுத்து ஆறேழு வாரம் சேந்து செய்ங்க. டெட்லைன் தவறுறப்ப ஆள் போன எடுக்குறாரா, மெசேஜ பாத்துட்டு சும்மா இருக்காரான்னு பாருங்க. யாருக்கு எவ்ளோ பங்குங்கிறத அதுக்கு முன்னாடியே எழுதி வைங்க.

கே: பார்ட்னரா வரப்போறவரோட பழைய ஆளுங்ககிட்ட விசாரிக்க சங்கடமா இருக்கு.

ப: விசாரிங்க. அவர் குடுக்குற நம்பர் மட்டும் போதாது, குடுக்காத ஆளையும் பிடிங்க. "மறுபடி இவரோட சேருவீங்களா"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு முன்னாடி வர்ற இழுவைய கவனிங்க.

கே: நல்ல கோ-ஃபவுண்டர் அவசரமா வேணும்.

ப: என்ன பிசினஸ், உங்களுக்கு என்ன தெரியும், ஒண்ணும் சொல்லல. முழுசா எழுதுங்க சார்.

கே: ஆளுக்கு பாதின்னு பேசிட்டோம். நம்பிக்கை இருக்கு, எதுவும் எழுதல. ஓகேவா?

ப: வாரா வாரம் இதே கேள்வி! நம்பிக்கை இருந்தா எழுதுறதுல என்னங்க கஷ்டம்? என் முதல் பார்ட்னரும் நானும் கிட்டத்தட்ட இப்படித்தான், பேப்பர்ல பாதி பாதின்னு மட்டும் போட்டோம், வெஸ்டிங் (பங்கு ஒரேயடியா இல்லாம, கூட இருக்குற காலத்துக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சொந்தமாகுறது) கிடையாது, எட்டாவது மாசம் அவருக்கு நல்ல வேலை கெடச்சுது, போயிட்டார், ஷேர் அவர் பேர்லயே நின்னுச்சு. அப்புறம் இன்வெஸ்டர் ஒருத்தர் கேப் டேபிள (யாருக்கு எவ்ளோ பங்குங்கிற பட்டியல) பாத்து "இந்த 50% யாரு?"ன்னார், நான் கதைய சொல்லி முடிக்கிறதுக்குள்ள லேப்டாப்ப மூடிட்டார். அதனால 4 வருஷ வெஸ்டிங், 1 வருஷ கிளிஃப் (அந்த வருஷம் முடியறதுக்கு முன்னாடி போனா பங்கே இல்ல) போடுங்க. பத்து மாசத்துல போனா ஒண்ணும் கெடயாது, ஒன்றரை வருஷத்துல போனா அவரோட 50ல சுமாரா 19 தான். உங்களுக்கும் அதே கணக்குதான், ஐடியா என்னோடதுன்னு சலுகை கேக்காதீங்க.

கே: ஆப்பிள்ல 10% பங்க விட்டுட்டு ஓடின மூணாவது ஆள் முட்டாள்தானே?

ப: ரொனால்ட் வெய்ன். 1976 ஏப்ரல்ல சேந்து 12 நாள்ல வெளிய வந்தார், கைல 800 டாலர். முட்டாள் இல்லீங்க, அது பார்ட்னர்ஷிப், கடன் வந்தா சொந்த சொத்துக்கே கை வரும், மத்த ரெண்டு பேர்கிட்ட பெருசா ஒண்ணும் இல்ல, சொத்துன்னு இருந்தது இவர்கிட்டதான்.

கே: என் கோ-ஃபவுண்டர் இன்னும் வேற கம்பெனி வேலைல இருக்கார், ராத்திரில நமக்கு கோட் எழுதுறார்.

ப: யார் லேப்டாப்ல? ஆபீஸ் லேப்டாப்னா அந்த கோட் உங்களோடது இல்லாம போகலாம். அவரோட வேலை அக்ரிமெண்ட வாங்கி படிங்க, அப்புறம் கோட் கம்பெனிக்கு சொந்தம்னு அவர்கிட்ட எழுதி வாங்குங்க.