சங்கு மாலை விற்கும் அம்மாவை அழிக்கலாமா?

கேள்வி: தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தைப் படமெடுத்தேன். சங்கு மாலை விற்கும் ஓர் அம்மா சுவரோரமாக நடந்துபோனதும் படத்தில் விழுந்துவிட்டது. ‘கட்டடப் படத்தில் ஆள் எதற்கு? அழித்துவிடு’ என்கிறார் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மாமா. எனக்கு மனசு வரவில்லை. போட்டிக்கு எப்படி அனுப்பட்டும்?

– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: அழிக்காதீர்கள். நான் சொன்னதாகவே மாமாவிடம் சொல்லுங்கள்.

அந்தச் சுவரின் உயரம் நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்கு? கதவு, படி, நாற்காலி என்று பழகிய பொருளை வைத்துத்தான் நம் கண் அளவு பிடிக்கிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அங்கே அதெல்லாம் ஏது? பவளக்கல் சுவர்களும் சுற்றிலும் மணலும்தான். நிற்பது குட்டிச்சுவரா, கோட்டைச்சுவரா என்று வெறும் படம் சொல்லாது. அந்த அம்மா ஐந்தடி இருப்பாரா? அவரை வைத்துக் கண் மிச்சத்தை அளந்துகொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. தனுஷ்கோடி என்றாலே ஆளற்ற பேய் ஊராகக் காட்டுவது நம்மவர்களுக்குப் பழகிவிட்டது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் அங்கே வேன் வேனாகக் கூட்டம். அதற்கு முன்பும் மீனவர்கள் குடிசை போட்டு வாழ்ந்த இடம்தான். அந்த அம்மாவை அழித்தால் நீங்களும் அந்தப் பொய்க்குத் துணைபோகிறீர்கள்.

மாமா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. திருப்புல்லாணிக் கோபுரத்தின் முன் என் மச்சினனை நிறுத்தி ஒருமுறை படமெடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் ‘மாப்பிள்ளை இளைச்சிட்டாரே’ என்றார்கள். கோபுரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. முகம் தெளிவாகத் தெரிந்தால் கண் அங்கேதான் போய் நிற்கும். ஆள் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தால் கோபுரமும் பொம்மையாகிவிடும். சுவரை ஒட்டி, தன் வேலையாகப் போகிறவர்தான் சரியான அளவுகோல். வைடு லென்ஸ் என்றால் அவர் படத்தின் ஓரத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடம்பு இழுபட்டுப்போகும்.

கீழக்கரை பழைய ஜும்மா பள்ளியின் கல் தூண்களை நெருங்கி எடுக்கும்போது ஆளே வேண்டாம். அங்கே பார்க்கவேண்டியது செதுக்கு வேலை. பாம்பன் பாலமோ இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மனிதர் வெறும் புள்ளி. ரயில் வரட்டும், இல்லையென்றால் அடியில் ஒரு வள்ளம் போகட்டும்.

அடுத்த முறை ஆளில்லாமல் ஒன்று எடுத்துவிட்டு, அதே இடத்தில் யாராவது வரும்வரை காத்திருங்கள். நடப்பவர் கலங்காமல் விழ ஷட்டர் 1/125 வினாடி போதும். கச்சான் காற்று அடித்தால் முக்காலியை நம்பாதீர்கள்.

அப்புறம், போட்டிக்கு அனுப்பும் முன் அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போகும்போது பிரிண்ட் ஒன்றும் கொண்டுபோங்கள். மாமா ஸ்டூடியோவிலேயே போட்டுக்கொள்ளலாம்.