ராணுவ டாக்டரின் பழைய காகிதங்களை வைத்திருக்க வேண்டுமா?

ஏற்காட்டு வீட்டுப் பரணில் ராணுவ மருத்துவராக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறது, பணி ஆணைகளையும் பதக்கங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு கடிதங்களையும் குறிப்பு நோட்டுகளையும் எடைக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

ரொனால்ட் ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ராணுவ டாக்டர். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார், 1902-இல் நோபல் பரிசு. பணிப்பதிவு இவ்வளவுதான் சொல்லும். லண்டனில் இருந்த தன் வழிகாட்டி டாக்டர் பேட்ரிக் மேன்சனோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில்தான் தோற்றுப்போன சோதனைகள், இடமாற்றத்தால் ஆராய்ச்சி நின்றுபோன கோபம் எல்லாம் தெரிகிறது. அதே 1897-இல் நம் நீலகிரியின் சீகூர் மலைப்பாதைப் பக்கம் ஆராயப் போய் அவருக்கே மலேரியா வந்தது. அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி இன்று லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இருக்கிறது.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். ஏற்காட்டு ஈரத்தில் பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் சீக்கிரம் வரும், அதனால் சேலத்தில் காய்ந்த அறை ஏதாவது இருந்தால் அங்கே மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுங்கள், லேமினேஷனும் செல்லோடேப்பும் கூடவே கூடாது. அவர் அடுக்கிய வரிசையைக் கலைக்காதீர்கள், எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்பது அதில்தான் தெரியும். அப்புறம், நோயாளிகளின் பெயர் உள்ள தாள்களை யாருக்கும் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.