கூகுள் மேப்ஸ் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு மேல், சென்னையின் நெரிசலைப் பற்றிப் பெருந்தரவு நமக்கு என்ன சொல்லும்?

சாலை நெரிசலாக இருக்கிறது என்பது அதில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கே தெரியும். பெருந்தரவு என்ற பெயரில் கோடிக்கணக்கான பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்து அதற்கு மேல் என்னதான் அறிந்துகொள்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஊழியர்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்த வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை ஆறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: ஒரு சாலை எவ்வளவு மெதுவானது என்பதைவிட, அது எவ்வளவு நம்பத்தகாதது என்பதைத்தான் பெருந்தரவு வேறு எந்த முறையைக் காட்டிலும் நன்றாகச் சொல்கிறது. அந்தச் சாலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை அறிய மட்டும் நாம் சாலையில் போய் நின்றாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். மத்திய கைலாஷிலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் ஒருவருக்குப் பத்து வேலை நாள்களில் எட்டு நாள் 40 நிமிடமும் இரண்டு நாள் 90 நிமிடமும் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50 நிமிடம். ஆனால் அந்தப் பத்து நாள்களில் ஒரு நாள்கூட அவருக்கு 50 நிமிடம் ஆகவில்லை. நாள் தவறாமல் 52 நிமிடம் எடுக்கும் இன்னொரு வழி இருந்தால், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வருகைப் பதிவு செய்ய வேண்டிய ஒரு தாய் அதைத்தான் தேர்ந்தெடுப்பார், அதுவே சரியான முடிவும்கூட. ஆகவே சராசரியோடு நிறுத்தாமல், நூறு பயணங்களில் தொண்ணூற்றைந்து பயணங்கள் எத்தனை நிமிடத்துக்குள் முடிகின்றன என்ற எண்ணையும் கணக்கிடுகிறோம். முன்பெல்லாம் நிறுத்துகடிகாரத்துடன் ஒரு காரில் சில முறை போய் வந்து பயண நேரத்தைக் குறித்தார்கள். அந்த முறையில் சராசரி ஓரளவு கிடைக்கும். அந்த மோசமான இரண்டு நாள்கள் கண்ணில் படாமலே போய்விடக்கூடும். மாதக்கணக்கில், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் பதிவு இருந்தால்தான் அவை வெளிப்படும். தரவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுதான்.

சராசரியிலேயே இன்னொரு வழுக்கலும் உண்டு. மூன்று கிலோமீட்டரை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலும், அடுத்த மூன்று கிலோமீட்டரை 10 கிலோமீட்டர் வேகத்திலும் கடந்தால் சராசரி வேகம் 20 அன்று, 15. ஏனென்றால் மெதுவான பகுதியில் நாம் மூன்று மடங்கு நேரம் செலவழிக்கிறோம். வேகங்களை அப்படியே கூட்டி வகுத்துவிட்டு, சாலை பரவாயில்லை என்று முடிவு கட்டிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவுகள் நம் கைக்கு வரும்போது சுத்தமாகவும் இருப்பதில்லை. ஒவ்வொரு வண்டியும் சில விநாடிகளுக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அனுப்பும். அதில் சில மீட்டர் பிழை இயல்பு. வெட்டவெளியில் அது பொருட்டில்லை. ஆனால் கத்திப்பாராவில் ஒரு வண்டி மேம்பாலத்தின் மேலே போகிறதா, கீழே போகிறதா என்பதை ஒரே ஒரு புள்ளியை வைத்துச் சொல்லிவிட முடியாது. முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளைக் கோத்து, அந்த வண்டி எந்த வழியாக வந்திருக்கவே முடியும் என்று பார்த்துத்தான் சாலையோடு பொருத்த வேண்டும். இருசக்கர வாகனங்கள் வேறொரு சிக்கல். கார்கள் அசையாமல் நிற்கும்போதும் அவை இடுக்குகளில் புகுந்து சிக்னலின் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வரும் வேகம் இருவருக்குமே பொருந்தாது. கூகுள் நிறுவனமும் 2017 டிசம்பரில் இந்தியாவில் இருசக்கர வாகனங்களுக்கென்று தனி வழிகாட்டலை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வரைபடம் காண்பது வாகனங்களை அன்று, கைப்பேசிகளை. 2020இல் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு பெர்லினின் வெறிச்சோடிய தெருவில் நடந்தார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்தது.

அந்தச் சிவப்பு தோன்றும் இடத்திலேயே காரணமும் இருக்கிறது என்று எண்ணுவது அடுத்த பிழை. ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்ன ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. இருந்தும் சிறிது நேரத்தில் ஓரிடத்தில் கார்கள் நின்றன. அந்தத் தேக்கம் கார்கள் செல்லும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்தது. நம் சாலைகளிலும் முன்னால் ஒரு வண்டி நின்றதன் விளைவை அரைக் கிலோமீட்டர் பின்னால் வருபவர் சில நிமிடங்கள் கழித்து அனுபவிக்கிறார்.

இதை நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். ஓ.எம்.ஆரில் ஒரு பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பகுதியில் எங்கள் வண்டிகள் வேலை நாள்களின் காலையில் தவறாமல் தேங்கின. சற்று முன்னால் ஒரு சிக்னல் இருந்ததால், அதுதான் காரணம் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். பிறகு மனம் ஒப்பாமல் மூன்று நாள் காலையில் அங்கே போய் நின்றேன். நிறுத்தத்தின் ஓரத்தை ஷேர் ஆட்டோக்கள் நிறைத்திருந்தன. மாநகரப் பேருந்து ஓரம் கட்ட இடமின்றி நடுச்சாலையில் நின்றது. மக்கள் ஆட்டோக்களுக்கு இடையே புகுந்து ஓடி ஏறினார்கள். அந்த நேரத்தில் சிக்னல் பச்சையாகவும், அதற்கு அப்பால் சாலை காலியாகவும் இருந்தன. திரும்பி வந்து பதிவுகளைப் புரட்டியபோது சான்று அங்கேயே இருந்ததைக் கண்டேன்: சிக்னல் காரணமாக இருந்தால் தேக்கம் அதன் சுற்றுக்கு ஏற்ப ஒரே இடைவெளியில் வந்திருக்க வேண்டும், எங்கள் பதிவில் அது பேருந்துகள் வருவதைப் போலவே ஒழுங்கின்றி வந்திருந்தது. எதைத் தேட வேண்டும் என்று தெரியாததால் நான் அதைத் தேடவில்லை. ஷேர் ஆட்டோக்காரர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்; பேருந்துக்காக நெடுநேரம் காத்திருக்க முடியாதவர்களை அவர்கள்தான் ஏற்றிச் செல்கிறார்கள்.

பழைய தரவு எவ்வளவு நாள் செல்லும் என்பதையும் சென்னை அடிக்கடி சோதிக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறிய பிறகு, அவை கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட காலத்துப் பொங்கல், தீபாவளிப் பதிவுகளை வைத்து அந்தச் சாலையைக் கணிப்பதில் பொருளில்லாமல் போயிற்று. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக வைக்கப்படும் ஒவ்வொரு தடுப்பும் இதையே சிறு அளவில் செய்கிறது. மழையோ இன்னும் கடினம். துரைசாமி சுரங்கப்பாதையோ கணேசபுரம் சுரங்கப்பாதையோ நீர் தேங்கி மூடப்படும் நாள்கள் ஆண்டில் மிகச் சில. பத்து மாதத்து வெயில் பதிவுகளில் அவை கரைந்துவிடும். அந்த நாள்களைத் தனியே பிரித்தெடுத்து, வண்டிகள் எந்தத் தெருக்களில் திரும்பின என்று பார்த்தால்தான் பயன் உண்டு.

தனியுரிமை பற்றியும் ஒரு சொல். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளில், பெயர் நீக்கப்பட்டிருந்தபோதும், நேரத்துடன் கூடிய நான்கே இடங்கள் 95 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணப் போதுமானவையாக இருந்தன. ஆகவே ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட்டே நாங்கள் கோப்பைச் சேமிக்கிறோம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, நாம் எதை எண்ணுகிறோம் என்பதே. சாலை வடிவமைப்பு நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் 1990ஆம் ஆண்டு நெறிமுறை ஒரு பேருந்தை 2.2 கார்களுக்குச் சமமாகவும், சாலையில் பேருந்து, லாரிகளின் பங்கு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 3.7 கார்களுக்குச் சமமாகவும் கொள்கிறது. அது சாலையில் அடைத்துக்கொள்ளும் இடத்தின் கணக்கு. உள்ளே இருக்கும் அறுபது பேர் அதில் வருவதில்லை. அவர்களை எண்ண வழி இல்லாமலும் இல்லை. 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அவர்களுக்கும் சீட்டு கொடுக்கப்படுகிறது. அந்தச் சீட்டுகளையும் பேருந்தின் ஜிபிஎஸ் பதிவையும் இணைத்தால், ஒரு சாலைப்பகுதியில் எத்தனை பேர் எத்தனை நிமிடம் இழந்தார்கள் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். நான் மூன்று நாள் நின்ற அந்த நிறுத்தத்தில் அதிக நேரத்தை இழந்தவர்கள் அந்தப் பேருந்தின் பயணிகள்தான். எங்கள் கோப்பில் இருந்தவை நாலைந்து பேர் அமரும் எங்கள் வண்டிகள் மட்டுமே. அதன் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு தாமத அட்டவணையிலும், அந்த இடத்தைக் கடந்த பேருந்துகளில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கிறேன். சீட்டுத் தரவு எங்களுக்குக் கிடைப்பதில்லை. நிறுத்தத்தில் நின்று கையால் எண்ணித்தான் அதை நிரப்புகிறோம்.